பெரிய இன்ஜெக்டர் மாட்டிய அரைகுறை

ஆடி எட்டு, செவ்வாய்.

காலையில் பெருந்துறையிலிருந்து ஒருவர் என் டியூனிங் பட்டறைக்குச் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்தார். போன மாதம்தான் பழைய வண்டியாக வாங்கினாராம். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது, பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை.

கழற்றிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் பீச்சும் கம்பெனி இன்ஜெக்டரை எடுத்துவிட்டு, இரண்டு மடங்கு பெரியதை யாரோ மாட்டியிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"பெரிய குழாய் வெச்சா கொஞ்ச நேரந்தானுங்க திறக்கோணும். இவன் வேகமாப் போறதுக்கு மட்டும் நேரத்தைக் குறைச்சிருக்கான். ஐடில்ல, அதாவது சும்மா நின்னு ஓடறதுக்கு, பழைய நேரத்தையே உட்டுப்போட்டான். அதுவும் ரெண்டு வால்வும் திறந்திருக்கறப்ப பீச்சுது, பெட்ரோலு எரியாமயே சைலன்சருக்குப் போகுது. இவனெல்லாம் டியூனருன்னு போர்டு மாட்டிக்கறான் பாருங்க!"

அரை மணி நேரம் திட்டினேன். அவரும் ரசித்துக் கேட்டார்.

பிறகு லேப்டாப்பை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த டியூனிங் ஃபைலைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: 'ஐடில் அப்புறம் பார்க்கலாம்.' கீழே என் பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன் இது சிவப்பு வண்டி. அன்றைய ஓனருக்கு ரேஸ் அவசரம், எனக்குச் சோம்பல். மேலே சாம்பல் நிற ஸ்டிக்கர் ஒட்டியதும் நான் செய்த வேலையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

லேப்டாப்பைச் சட்டென்று மூடினேன்.

"ஏனுங்க, அந்த ஆளு கடை இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அவர்.

"இருக்குதுங்க. நல்லாத்தான் ஓடுது" என்றேன்.