காரிருளனுக்குச் சித்தப்பா முகம்

அன்புள்ள மகன் சார்லசுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், கனடாக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றாடம் எங்கள் செபம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, இலுப்பூர் டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்கிறது. கடலை இந்தத் தடவை சுமார்தான், மயிலும் பன்றியும் தின்றது போக மிச்சம்தான் நமக்கு. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய், போனில் நான் வாயெடுக்கும் முன்பே அம்மா அழுதுவிடுகிறாள், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

சங்கதி உன் சித்தப்பா அடைக்கலத்தைப் பற்றியது. நீ உருவம் வரைகிற அந்த மாயாஜாலக் கார்ட்டூன் தமிழில் வந்த அன்று குடும்பமே நம் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். வில்லன் காரிருளன் ஒரு காலை இழுத்துக்கொண்டு, ஒரு கண் வெள்ளையாக வந்து நின்றதும் உன் அம்மா, அடி ஆத்தி, இது நம்ம அடைக்கலம்ல என்று கூவிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவன்தான் அதிகமாகச் சிரித்தான், எம்மவன் என்னய கனடா வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டான்யா என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். சும்மா இருந்திருக்கலாம். இப்போது அவன் டீக்கடைக்குப் போனால் காரிருளன் வாரான் ஓடுங்கடா என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், பெரியவர்களே காரிருளா டீ சாப்பிடுறியா என்கிறார்கள். போன வாரம் அவன் பேத்தி சுடர்விழி, நாலு வயசுப் பிஞ்சு, அவன் ஊட்டிய சோற்றைத் துப்பிவிட்டு வீரிட்டு அழுதிருக்கிறாள். அதிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறான், வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

நீ கெட்ட எண்ணத்தில் வரையவில்லை என்று எனக்குத் தெரியும், சித்தப்பா முகம்தான் எனக்கு மனப்பாடம் என்று அன்றைக்கே சொன்னாய். ஆனாலும் கேட்கிறேன் தம்பி, கெட்டவன் என்றால் நொண்ட வேண்டும், கறுத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தக் கண் கோயிலுக்கு வெள்ளையடிக்கையில் சுண்ணாம்பு தெறித்துப் போன கண் என்று உனக்குத் தெரியாதா? உங்கள் இளவரசன் எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கிறான், ஏழைப் படகோட்டியின் படகைப் பிடுங்கிக்கொண்டு போனவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை, அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நல்லவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் அவன் எதைச் செய்தாலும் நல்லதுதான் போல. நம்மூர்ப் பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரைச் சவுக்கால் அடிக்கிற சேவகன் வேஷம் வருஷா வருஷம் சித்தப்பாதானே போடுவான். நாடகம் முடிந்ததும் கோயில் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அந்தக் கையாலேயே மிட்டாய் கொடுப்பான், நீயும் வாங்கித் தின்றவன்தான். டிவியில் வருகிறவன் எந்தக் குழாயில் போய் முகம் கழுவுவான்? இந்த வருஷம் வேஷம் போட மாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டான். ஊர்க்காரர்கள் நாலு பேர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது சார்லஸ், இந்த வயதில் யாரைப் போய்த் திட்டுவது, யாரைச் சமாதானப்படுத்துவது.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு மகளுடைய போனில் உன் கார்ட்டூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கருமத்தை ஏன்டா இன்னமும் பார்க்கிறாய் என்று சத்தம் போட்டேன். ஒரு வாரமும் விடாமப் பாக்குறேண்ணே, ஒரு தடவையாச்சும் இவன் ஒரு நல்லது செஞ்சிட மாட்டானா, செஞ்சா புள்ளைக்குக் காட்டலாம்ல என்றான். சார்லசுக்கு எழுதிராதீங்க, பய மனசு ஒடிஞ்சிருவான் என்றும் சொன்னான். நான் எழுதிவிட்டேன்.

கதை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. இருந்தாலும் கேட்டுப் பார், அந்தக் காரிருளன் தாகமெடுத்த ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால்கூடப் போதும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு, நான் கோபப்பட மாட்டேன், நீ வேலையை விட்டுவிடாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் சித்தப்பாவை மறக்காமல் போனில் கூப்பிடு. வீடியோவில் மட்டும் கூப்பிட்டுவிடாதே, சார்லசு பாத்தா இந்த மூஞ்சிய இன்னும் நல்லா வரஞ்சிருவான் என்று பயப்படுகிறான்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சவரிமுத்து