அப்பா அழித்த பெயர்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
18-11-1971

சௌபாக்கியவதி செண்பகவல்லிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க முருகன் துணை. இங்கே மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துகிறேன். என் முட்டுவலி பரவாயில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் நாத்தனார் உன் நிறத்தைச் சொல்லி உன்னைக் கரி எஞ்சின் என்று கூப்பிடுகிறாள், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னாலும் அப்படிச் சொல்லிச் சிரிக்கிறாள் என்று எழுதிவிட்டு, கடைசியில் சாரமில்லை அம்மா, போகட்டும் என்று போட்டிருக்கிறாய். உன் சாரமில்லை எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் காலில் ஆணி ஏறினபோதும் இதைத்தானே சொன்னாய். அப்பாவிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, வாசித்துவிட்டார். மோரை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

எஞ்சின் ஷெட்டில் பட்டப்பெயர் வைப்பது உனக்குத் தெரியாததா. ஆரியங்காவு மலையேற்றத்தில் முனகிக்கொண்டே போவது மாமியார், எங்கே தொட்டாலும் ஆவி ஒழுகுவது சீக்காளி, அப்பா ஓட்டுவது கருப்பி. எல்லா எஞ்சினும் கறுப்புதான், ஆனால் இவர் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துத் துடைத்து அது மட்டும் பளபளவென்று நிற்கும், அதனால் ஆசையாக இவரே வைத்த பெயர். அதில் ஒரு சட்டமும் உண்டு, அந்த எஞ்சினில் ஏறிக் கரி அள்ளிப் போடாதவன் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. ஒரு தடவை ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கருப்பி வந்தாச்சா என்று இளித்துக்கொண்டு கேட்க, அப்பாவின் ஃபயர்மேன் தாசையன், நம்பர் சொல்லிக் கேளுங்க சாரே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். உன் நாத்தனார் உன்னோடு ஒரு குடம் தண்ணீர் தூக்கியிருக்கிறாளா, போன மாதம் நீ காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் கஞ்சி வைத்துத் தந்தாளா, பிறகு என்ன உரிமையில் பெயர் வைக்கிறாள்? சண்டை போடாதே. என் பெயர் செண்பகவல்லி என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உன் வேலையைப் பார், அந்த இன்னொரு பெயருக்குத் திரும்பியே பார்க்காதே.

நேற்று தாசையன் மழையில் நனைந்துகொண்டு வந்து, அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு மதினி என்று கேட்டான். எஞ்சின் முகப்பில் சாக்பீஸால் எழுதியிருந்த கருப்பி என்ற பெயரை அப்பா துணியால் அழித்துவிட்டாராம், இப்போது நம்பரைத்தான் சொல்கிறாராம். அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அப்பா வந்ததும் கேட்டேன். ஆசையாகத்தான் வைத்தேன், இப்போ வாயில் வரமாட்டேங்குது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தை பிறந்ததும் அப்பா ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார். சண்டைக்கு இல்லை, பயப்படாதே. உன் வீட்டு வாசலில் நின்று செண்பகவல்லி என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடப் போகிறாராம், தெரு முழுக்கக் கேட்கட்டும் என்கிறார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகின தொண்டை, கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. முருகன் உன்னை ஒருநாளும் கைவிட மாட்டான். ஒன்று மட்டும் நீ எழுதவே இல்லை. மாப்பிள்ளை உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? மறைக்காமல் எழுது. அப்பாவுக்குப் பாஸ் இருக்கிறது, திரும்பி வரும்போது உனக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாடம்மாள்