தானாக ஓடும் அடுத்த வீடியோ

என்னங்க,

வேலைக்குப் போன ஊரிலிருந்து மகளுக்குப் புது டேப்லெட் அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். பழையதில் ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடாதபடி நிறுத்தி வைத்திருந்தேன். இதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிடுங்கப் போய்க் கடி வாங்கினேன். போனில் சொன்னால், "பாவம், பாத்துட்டுப் போறா, விடேன்" என்கிறீர்கள். உங்களுக்கென்ன, கடிபட்டது என் கை.

"ஆட்டிசம் இருக்கற குழந்தைகிட்ட திடீர்னு பிடுங்காதீங்க, முன்னாடியே சொல்லிடுங்க" என்றார் அவளுடைய பேச்சுப் பயிற்சியாளர். நேற்று இதிலும் அடுத்தது தானாக ஓடாதபடி நிறுத்திவிட்டு, "இது முடிஞ்சதும் மூடிடலாம், கண்ணு" என்று முதலிலேயே சொன்னேன். வாஷிங் மெஷின் சுற்றும் வீடியோ. அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். முடிந்ததும் அவளே மூடினாள். அழவில்லை. என் விரலைப் பிடித்து இழுத்துப் போய் நம் வீட்டு மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். அழுக்குத் துணி ஒன்றுகூட இல்லை. துவைத்து மடித்ததையே எடுத்துப் போட்டு ஓட்டினேன். கடைசிவரை என்மேல் சாய்ந்தபடியே பார்த்தாள்.

இனி அவளுக்கு எதையும் அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். மெஷின் முன்னால் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி