அப்பா கை காட்டிய குழிகள்

அன்பு மகள் கிரீட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, ஆனாலும் முதலில் உங்கள் சுகத்தைச் சொல். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஸ்டானும் எப்படி இருக்கிறீர்கள், பெர்த்தில் இப்போது குளிர்காலமாமே, பையனைச் சட்டை இல்லாமல் தோட்டத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய், அதைப் பார்த்து எனக்கு இங்கே தும்மல் வந்தது. நான் பின்னி அனுப்பிய நீலக் கம்பளிச் சட்டை சின்னதாகிவிட்டதா, அல்லது நீ பெட்டியை இன்னும் திறக்கவே இல்லையா, உண்மையைச் சொல், கோபப்பட மாட்டேன்.

போன வாரம் நீ போனில் கேட்டாய், ஏம்மா, கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்போது கூப்பிட்டாலும் அப்பா முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாரே, சைக்கிள் கிளப்புக்குப் போகவில்லையா என்றால் மழை மழை என்கிறாரே, அங்கே அவ்வளவு மழையா என்று. நான் ம்ம் என்று இழுத்துவிட்டு ஸ்டானின் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என்ன செய்வது, அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், இப்போதெல்லாம் அவருக்குப் பாம்புக் காது. இங்கே மழையும் இல்லை ஒன்றும் இல்லை கிரீட். வெயிலில் என் கீரைப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. அதுவும் மழை என்றால் மட்டும் உன் அப்பா வீட்டில் இருந்திருக்கிறாரா, நீ பிறந்த அன்று காலையில் ஆலங்கட்டி மழையில் கிளப்போடு மேட்டுச் சாலை எல்லாம் சுற்றிவிட்டுச் சேறும் சகதியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர் அவர், அதனால் உனக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். இன்றைக்கு மனது கொஞ்சம் லேசாக இருக்கிறது, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், பதறாமல் படி.

விஷயம் அவர் கண். வசந்தம் வந்து கிளப் மறுபடி வெளியே கிளம்பியதிலிருந்தே ஏதோ சரியில்லை. உனக்குத் தெரியும், முன்னால் போகிற கேப்டன் குழி இருக்கிற பக்கம் கையைக் கீழே காட்டுவார், பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து அவரும் குழி என்று கத்திக் கை காட்டி அடுத்தவருக்குத் தருவார், அப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகும். முன்னால் இருப்பவரின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகிற நமக்குச் சாலையா தெரிகிறது, முதுகுதானே தெரிகிறது. அதனால் கேப்டனின் கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. இருபது பேரும் உன் அப்பாவின் கையை நம்பித்தான் இத்தனை வருஷம் எலும்பு முறியாமல் வீடு வந்து சேர்ந்தோம். இந்த வசந்தத்தில் அவர் இல்லாத குழிகளைக் காட்ட ஆரம்பித்தார். கால்வாய் ஓரத்துப் பாப்லர் மரச் சாலை இருக்கிறதே, மே மாதம் இலை விட்டதும் நிழல் திட்டுத் திட்டாக விழும், அங்கே இடது கை, வலது கை, மறுபடி இடது கை என்று காட்டிக்கொண்டே போவார். நாங்களும் வழவழவென்ற சாலையில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு போவோம். எதிரே நாயோடு நடந்து வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார், நாங்கள் எல்லோரும் குடித்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

சவாரி முடிந்து மொனீக் கடையில் உட்காரும்போது, அப்பா கை கழுவப் போன நேரமாகப் பார்த்து எத்தியென், நம் கிளப் தலைவர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு எத்தனை இல்லாத குழியைத் தாண்டினோம்? எனக்கு எண்ணி எண்ணி வாய் வலிக்குது" என்பார், எல்லோரும் பீரில் மூக்கை விட்டுக்கொண்டு சிரிப்பார்கள், அப்பா திரும்பி வந்ததும் கப்சிப். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. வெட்னரி டாக்டர் நேலெ மட்டும் சிரிக்க மாட்டாள். அவள்தான் முதலில் புரிந்துகொண்டவள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தானாகவே முன்னால் வந்து அவர் பக்கத்தில் ஓட்ட ஆரம்பித்தாள், பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "ஓமேர், வலது பக்கம் என்னவோ கிடக்கு பாருங்க" என்பாள். ஆடு மாடுகளோடு பழகினவளுக்கு மனுஷன் மனசும் தெரிந்திருக்கிறது.

மே மாதக் கடைசி ஞாயிறு நேலெ வரவில்லை, ஏதோ பண்ணையில் பசு கன்று போடத் திணறுகிறது என்று போய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து முந்தின இரவு மழை, வானம் மூடிக் கிடந்தது, நிழலே இல்லை. அதனால் அப்பா கையே காட்டவில்லை. இன்றைக்குச் சாலை நன்றாக இருக்கிறது போல என்று நாங்களும் நிம்மதியாக மிதித்தோம். கிழங்கு வண்டிகள் போய்ப் போய் கான்கிரீட் உடைந்த இடத்தில் ஒரு குழி, முழுக்கத் தண்ணீர் நிறைந்து சாலையின் நிறத்திலேயே இருந்திருக்கிறது. அப்பா எப்படியோ பக்கமாகப் போய்விட்டார், பின்னால் வந்த எத்தியென் நேராக அதில் இறங்கினார். சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது கிரீட். அவர் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள், அவர்களுக்குச் சிராய்ப்புதான், எத்தியெனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. நல்லவேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. எத்தியென் புல்லில் உட்கார்ந்துகொண்டு முகம் வெளுத்துப்போய், "கவலைப்படாதே ஓமேர், இது நிஜக் குழி, அதான் பழக்கமில்லாம விழுந்துட்டேன்" என்றார். வலியிலும் கேலியாகச் சொன்னதுதான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், உன் அப்பாவுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சூப்பைச் சூடாக்கி வைத்தேன், தொடவில்லை. அப்புறம் தானாகச் சொன்னார், "நிழலும் குழியும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது கோட்லீவ். குளிர்காலத்துல இருந்தே. எது எதுன்னு தெரியாததால ரெண்டையும் காட்டினேன். காட்டாம விட்டு எவனாவது விழுந்துடக் கூடாதேன்னு காட்டினேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவரும் அழுதார். நாங்கள் சிரித்துக்கொண்டு சுற்றிப் போன ஒவ்வொரு குழிக்கும் பின்னால் அந்த மனுஷன் எவ்வளவு பயத்தோடு மிதித்திருக்கிறார், யோசித்துப் பார். கென்ட் நகரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடுகிறார்கள், கண்ணில் ஊசியா என்று பயப்படாதே, மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள், அவர் சமர்த்தாகப் போட்டுக்கொள்கிறார். ஓரப்பார்வை நன்றாக இருக்கிறது. என்னை நேராகப் பார்த்தால் முகம் தெரியாதாம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் காது தெரிகிறதாம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் காதை இப்போதுதான் பார்க்கிறீர்கள் என்றேன், "நல்ல காதுதான், ஆனா சொன்னது எதையும் கேட்டதில்ல" என்றார். அந்த ஒரு நாள்தான் வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சைக்கிளை மாட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டார். ஞாயிறு காலை வழக்கம்போல விடியும் முன்னே எழுந்து, கிளப் சட்டையை எடுத்து, மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உன் போனுக்காகத்தான், கிளப் ஆட்கள் நம் தெரு வழியாகப் போகும்போது அந்தச் சத்தத்துக்குப் பதில் உன் குரல் காதில் விழட்டும் என்றுதான். நான் சமைத்ததைத் தின்று எழுந்துவிடுவார், மொனீக் கடைக்கும் போவதில்லை, கண்ணுக்கு வந்தது மனசுக்கும் வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கண் போனால்கூட வைத்துக் காப்பாற்றிவிடலாம், இந்த மனுஷனைச் சைக்கிள் இல்லாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை கிரீட்.

போன மாதக் கடைசியில் எத்தியென் வந்தார், கையைத் தூக்குக்கட்டில் போட்டுக்கொண்டு, நேலெ வண்டி ஓட்ட, பின்னால் ட்ரெய்லரில் ஒரு நீளச் சைக்கிள், இரண்டு பேர் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து மிதிப்பார்களே அது. அவர் கல்யாணத்துக்கு வாங்கியதாம். அப்பாவிடம், "இதுல ஒரே ஒரு தடவைதான் நானும் அவளும் போனோம், அன்னைக்கே அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, உன் மாமியார் வீடு ரொம்ப தூரம்" என்றார். முன்னால் ஓட்டுவது நானாம், பின்னால் மிதிப்பது அப்பாவாம். உன் அப்பா எழுந்தே போய்விட்டார். "பின்னாடி உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உக்காந்து வர்றதுக்கு நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எத்தியென் விடவில்லை, "மூட்டை பேசாதுடா, நீ பேசுவே, பாவம் கோட்லீவ்!" என்றார். நேலெதான் மெதுவாக, "சர்ச்சைச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு ஓமேர், பிடிக்கலைன்னா நானே இதைத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றாள். எங்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்து ஏறினார்.

நான் எந்தக் காலத்தில் முன்னால் ஓட்டியிருக்கிறேன், எப்போதும் வாலில் வருகிறவள். இந்தச் சைக்கிளில் நான் காலை நிறுத்தினால் அவர் காலும் நின்றுவிடுகிறது, நான் நின்றால் அவரும் நிற்கிற அதிசயம் எங்கள் வீட்டில் இப்போதுதான் நடக்கிறது. சர்ச் திருப்பத்தில் ஒரு குழி, பழக்கதோஷத்தில் நான் கையை எடுத்துக் கீழே காட்டினேன் பார், சைக்கிள் அப்படியே தள்ளாடி வாய்க்கால் பக்கம் போயிற்று. பின்னால் இருந்து உன் அப்பா போட்ட கத்தலில் மாதா கோயில் புறா எல்லாம் பறந்தது. "கையை எடுக்காதே! ரெண்டு கையாலயும் பிடி! எந்தப் பக்கம்னு வாயால சொல்லு போதும், கையை நான் காட்டறேன்" என்றார். ஒரு ரவுண்டு என்று போனவர்கள் நாலு ரவுண்டு சுற்றினோம், எத்தியெனும் நேலெயும் சுவரில் சாய்ந்துகொண்டு நான் சுட்ட பால்கட்டி மாட்டன் கேக்குகளைத் தின்று தீர்த்துவிட்டார்கள், எங்களுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

இன்றைக்கு ஞாயிறு, கிளப்போடு போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல எதிர்காற்று. கனமான சைக்கிள் காற்றை நன்றாகப் பிளக்கும், முன்னால போங்க என்று எல்லோரும் எங்களைத் தள்ளிவிட்டார்கள். நான் "வலது, குழி" என்பேன், உன் அப்பா வலது கையைக் கீழே நீட்டுவார், பின்னால் நேலெ கத்துவாள், அவளுக்குப் பின்னால் அடுத்தவர், அப்படியே சத்தம் கடைசி வரைக்கும் போவது எனக்குக் கேட்டது. இவ்வளவு வருஷம் வாலில் இருந்துகொண்டு வந்துசேர்கிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், போகிற சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்டேன். பாப்லர் சாலை வந்தது. வெயில், நிழல் எல்லாம் அப்படியே விழுந்து கிடந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருந்து, "பாப்லர் வந்துடுச்சில்ல, சலசலன்னு கேக்குது. ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றார். "எல்லாம் நிழல்தான்" என்றேன். "எல்லாமேவா?" என்று கேட்டார். "எல்லாமே" என்றேன். அந்தச் சாலை முழுக்க அவர் கையை எடுக்கவே இல்லை, யாரும் வளையவில்லை, இருபது பேரும் நேராகப் போனோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்டானுக்குச் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாய், முதலில் ஹெல்மெட் வாங்கு, அப்புறம் சைக்கிள். நான் கண்ணைப் பற்றி எழுதியது அப்பாவுக்குத் தெரியும், எழுதட்டும் என்றுதான் சொன்னார், ஆனால் அழுததை எழுதாதே என்றார், அதனால் அதை நீ படிக்கவில்லை. கடவுள் உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ நடக்கிற சாலையெல்லாம் நல்ல சாலையாக இருக்கட்டும். மறக்காமல் ஒன்று, இனிமேல் ஞாயிறு காலையில் போன் செய்யாதே. மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

உன் அன்பு அம்மா
கோட்லீவ்