ஆரஞ்சுப் பஞ்சு

4-3-96, திங்கள்

அப்சர் இன்று எங்கள் தேங்காய் மண்டியில் சேர்ந்தான். சவூதியில் ஐந்து வருடம் ஜெனரேட்டர் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இனி அவனும் தோப்புகளுக்குப் போய்க் கொப்பரைக்குக் காய் பார்ப்பானாம். பதினெட்டு வருடமாக நான் ஒருவனே பார்த்த வேலை. "ஒனக்கும் ஒரு தொணை வேணாமா தாவூது?" என்கிறார் கலந்தர் முதலாளி. நான் கேட்டேனா?

வண்டியை விட்டு இறங்கியவனின் இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு. அங்கே அத்தர் பஞ்சுகூடக் கலரில் வருகிறதோ என்று கிட்டே போய் மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. "அத்தர் இல்ல காக்கா. வண்டி ஓட்டுறப்ப சத்தம் காதக் கெடுக்காம இருக்க வைக்கிறது" என்றான், அண்ணன் முறை வைத்து. மண்டியே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

7-3-96

சத்தம் காதைக் கெடுக்குமாம்! என் புல்லட்டின் சைலன்சருக்குள் இருந்த குழாயை நானே கழற்றி எறிந்தவன். நான் வருவது மூன்று தோப்புக்கு அப்பாலே தெரியும். தோப்புக்கார அகிலாண்டத்தம்மா காயை இறக்கி வைத்துக்கொண்டு படலைத் திறந்து நிற்பார்கள். இவன் வண்டிக்கு அந்த மரியாதை வருமா?

12-3-96

வந்துவிட்டது. "அந்தத் தம்பி தங்கமான புள்ள பாய். ஒவ்வொரு காயையும் ரெண்டு தடவ ஆட்டிப் பாக்குது" என்கிறார்கள் அகிலாண்டத்தம்மா. எனக்கு ஒரு தடவை போதும். அதற்கு மதிப்பில்லை.

காயை வலது காதில் மட்டும்தான் வைக்கிறான். தலையைச் சாய்த்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. வயிறு எரிகிறது. என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம், எரிகிறதுதான்.

16-3-96, சனி

நன்றாகக் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று உருளும். கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தாலும் மெல்லச் சளசளக்கும். அது அழுகிவிடும், வாங்கக் கூடாது. இது எனக்குத் தெரியாதா?

நான் தேறியது என்று அனுப்பிய குவியலை இன்று உடைத்தார்கள். கால்வாசி அழுகல். அகிலாண்டத்தம்மா தோப்புக்கு இனி அப்சர் போகட்டும் என்று மட்டும் சொன்னார் முதலாளி. நான் கூடப் போகலாமாம். கூட!

சளசளப்பு எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் விடுவேனா?

17-3-96

வீட்டுக்காரி பாத்திமா சொல்கிறாள்: "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க, பேசுனா கத்துறீங்க." நான் எங்கே கத்தினேன்?

காதுக்குள் 'ங்ஙீ' என்று ஒன்று. எத்தனை நாளாக இருக்கிறதோ.

20-3-96

அப்சர் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, அவன் பையிலிருந்து ஒரு ஜோடி பஞ்சு எடுத்தேன். திருட்டுதான். அதிராம்பட்டினம் சாலையில் பாதி தூரம் போவதற்குள் ஒன்று விழுந்துவிட்டது.

திரும்பி வந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறான்: "மெல்லிசா உருட்டி, காத மேல இழுத்துப் புடிச்சுக்கிட்டு உள்ள விடணும் காக்கா. அப்பத்தான் நிக்கும்." இன்னொரு ஜோடியை என் வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

22-3-96, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது அவனுக்கு இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன். மூன்று முறை. திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் முகம் வெளுத்துப்போனான்.

"இடது காது போயிருச்சு காக்கா. ஷெட்டுல ரெண்டு வருஷம் பஞ்சு வைக்காம நின்னேன். போனது வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தத்தான் இது. வண்டில போறப்ப எஞ்சின விட காதுல அடிக்கிற காத்துதான் மோசம். மொதலாளிட்ட சொல்லிராதீங்க."

அப்படியானால் காயை வலது காதில் மட்டும் வைப்பது ஸ்டைல் இல்லை. சந்தோஷப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஒரு வார்த்தை போதும், அவன் வேலை காலி.

24-3-96

முதலாளியிடம் போனேன். "அப்சரோட காது..." என்று ஆரம்பித்தேன். அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். "என்னங்க?" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி, "என்னங்க?" மூன்றாம் தடவை காய் உரிக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினார்: "ஒங்காது எப்படி இருக்குன்னு கேட்டேன்!"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவனுடைய ஒற்றைக் காது என் இரண்டு காதையும் விட நன்றாகக் கேட்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

29-3-96

சைலன்சருக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. மெக்கானிக் காரணம் கேட்டான். போலீஸ் பிடிக்கிறது என்றேன்.

11-4-96, வியாழன்

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அகிலாண்டத்தம்மா தோப்புக்குப் போனேன். படல் சாத்தியிருந்தது. நானே குரல் கொடுக்க வேண்டியிருந்தது. "எப்ப வந்தீங்க பாய்? சத்தமே கேக்கலையே!"

அப்சர் முன்னமே வந்து குவியலில் உட்கார்ந்திருந்தான். பஞ்சைக் கழற்றிவிட்டு ஒரு காயை எடுத்து ஆட்டினேன். பருப்பு உருண்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் சளசளப்பு ஏதாவது உண்டா? இன்னொரு தடவை ஆட்டினேன். தெரியவில்லை. அந்தம்மா உள்ளே கூடை எடுக்கப் போனார்கள். நான் எழுந்து அவனுடைய வலது பக்கமாகப் போய்க் காயை நீட்டி ஆட்டினேன். கேட்டுவிட்டு, இந்தக் காய் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

அவர்கள் திரும்பி வந்ததும், "இதுல தண்ணி நிக்குதும்மா" என்று, நானே கண்டுபிடித்த மாதிரி கழித்துப் போட்டேன். அவன் அடுத்த காயை எடுத்தான்.