வழுக்கும் கிண்ணமும் உன் தேனீக்களும்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் தேனீக்கள் இருக்கின்றன. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கேயும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய்.

தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து பெட்டியை வைத்த கையோடு காய்ச்சலில் போய்விட்டாய். கற்றது உன்னோடு போயிற்று, பெட்டி என்னிடம் வந்தது. இது நியாயமா? மூடியைத் தொடவே எனக்குப் பயம். இரைச்சல் கூடினால் கோபமா? குறைந்தால் கூட்டைவிட்டு ஓடப்போகின்றனவா? யாரைக் கேட்பேன்?

போன மாதம் பெட்டியில் எறும்பு ஏறியது. பீங்கான் ஊர்க்காரிக்குக் கிண்ணத்துக்கா பஞ்சம்? எங்கள் பட்டறையில் கழித்துப்போட்டதில் பளபளப்பானவையாகப் பொறுக்கிவந்து, பெட்டியின் கால்களுக்கு அடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எறும்பு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பார்த்தால் கிண்ணமெல்லாம் செத்த தேனீக்கள். தண்ணீர் குடிக்க வந்தவை, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சின் வழவழப்பில் ஏற முடியாமல் மூழ்கியிருந்தன. நாள் முழுக்கக் கிளேஸ் பூசுவதுதான் என் பிழைப்பு. அதில் ஓர் உயிருக்குக் கால் நிற்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு அழுததுபோல் அழுதேன்.

“ஒனக்கு எதுக்கு இந்த ரோதன? நல்லூருல ஒருத்தரு கேக்குறாரு, குடுத்துடலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அக்கா வச்சத நான் குடுக்க மாட்டேங்க. அவருகிட்ட இல்லன்னு சொல்லிட்டு வாங்க.”

மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு நல்லூருக்குக் கிளம்பினார். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அன்றைக்கே, கிளேஸ் பூசாமல் ஒருமுறை மட்டும் சூளையில் வெந்த கிண்ணங்களைக் கேட்டு வாங்கிவந்தேன். அவை சொரசொரப்பானவை, தேனீ ஏறிவிடும். ஆனால் ஊற்றும் தண்ணீரைக் கிண்ணமே குடித்துவிடும். அதனால் காலையும் மாலையும் ஊற்றுகிறேன். ஊற்றினால் கையா தேய்ந்துவிடும்?

நேற்று துணிந்து பெட்டியைத் திறந்தேன். புருவத்தில் ஒன்று கொட்டியது, முகம் பூரியாக உப்பிவிட்டது. ஆனாலும் மூடாமல் தேனடையை எடுத்து வெயிலில் பிடித்தேன். அறைக்கு ஒன்றாக, நூல் துணுக்கு மாதிரி வெள்ளை முட்டைகள்! ஓடப்போகிறவை முட்டை வைக்குமா, அக்கா?

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் திறப்பேன். உன்னைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை, இவற்றை நிறுத்துவேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு உனக்குக் கடை மெழுகுவர்த்தி கிடையாது. உன் பெட்டியின் தேன்மெழுகில் நானே செய்து கொண்டுவருவேன். கோணலாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள்.

உன் கூடப்பிறந்தவள்,
அமலி