ஷவரில் தொங்கும் பை

ஜூலை 4, வெள்ளி
ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு கேட்டது. போகவில்லை. என் வீட்டுக்காரி ஹாஃபிஸா தொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து அவளே உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

குடலில் கட்டியை எடுத்து, இடப்பக்க வயிற்றில் மலம் வெளியேற ஒரு வாசல் வைத்து, அதன்மேல் பையை ஒட்டி அனுப்பிய பிறகு ஒரே ஒரு ஜும்ஆவுக்குப் போனேன். குத்பா பிரசங்க நேரம், பள்ளிவாசலே கப்சிப். அப்போது பார்த்து என் வயிறு நீளமாகச் சத்தம் போட்டது. பக்கத்தில் சித்தீக் திரும்பிப் பார்த்தான். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று பள்ளி இமாம் ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். சலுகை யாருக்கு வேணும்? எனக்கு வேண்டியது தூண் ஓரத்தில் என் இடம்.

ஜூலை 8
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. டாக்டர் சம்மதித்துவிட்டார். அந்த வாசல் வழியாகவே தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவினால் மறுநாள் வரை வயிறு பேசாமல் இருக்குமாம். பழகச் சில வாரம் ஆகுமாம். நர்ஸ் மாளவிகா கூடவே இருந்து செய்ய வைத்தது. தண்ணீர்ப் பையை உயரே மாட்டி, குழாய் முனையில் இருக்கும் மெத்தென்ற கூம்பை வாசலில் வைத்துத் திறக்க வேண்டும். வலிக்கவில்லை. வெட்கம்தான்.

ஜூலை 9
பைப் கடைக்காரன் வீட்டில் பையைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவதா? ஷவர் லைனிலேயே கிளை பிரிக்க ஒரு டீ இணைப்பு போட்டு, வால்வு வைத்து, ஹோஸ் இழுத்தால் முடிந்தது. கடையில் இல்லாத சாமானா!

ஜூலை 10
மாட்டியாயிற்று. முதலில் வெறும் கையில் பிடித்துச் சோதித்தேன். நல்லவேளை. ஷவர் பீய்ச்சி அடிக்கட்டும் என்று நானே போட்ட பிரஷர் மோட்டாரை மறந்துவிட்டேன். வால்வைத் தொட்டதும் கூம்பு பிய்த்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் அடித்தது. தலை முதல் கால் வரை நனைந்து நிற்கிறேன். பாத்ரூம் வாசலில் ஹாஃபிஸா.

"இது வயிறா, வயலாங்க? மோட்டார் போட்டுப் பாய்ச்சுறீங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வால்வை மூடினேன்.

ஜூலை 11, வெள்ளி
போகவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை, மாளவிகாவுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

"லைன்ல நேரா மாட்டவே கூடாதுங்க. குடல் கிழிஞ்சிடும். சூடும் உங்க கையில இருக்காது." அப்புறம், "அது என்ன தண்ணிங்க?" என்றது.

"போர் தண்ணிம்மா. முத்துப்பேட்டைல வேற என்ன வரும்? ஒரே உப்பு, வாயில வைக்க முடியாது."

"வாயில வைக்க முடியாததை வயித்துக்குள்ள விடுவீங்களா?"

ஊருக்கெல்லாம் பைப் விற்கிறேன். வீட்டுத் தண்ணீர் உப்பு என்பது அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

ஜூலை 12
டீ, வால்வு, ஹோஸ் எல்லாம் கழற்றிவிட்டேன். ஷவர் தலையையும் கழற்றி, அந்த வாயை மூடியால் அடைத்தேன். மிச்சமிருக்கும் வளைந்த பைப்பில் ஒரு சங்கிலி, சங்கிலியில் கொக்கி. ஸ்டூலில் உட்கார்ந்தால் பையின் அடி தோளுக்கு நேராக வருகிறது. இவ்வளவுதான் வேலை! ஷவர் இப்போது வெறும் ஆணி.

ஜூலை 13
ஹாஃபிஸா கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கையை விட்டுப் பார்த்துக் கொடுத்தாள். மெல்லத்தான் இறங்கியது. வயிறு கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி திறந்தேன். எல்லாம் போனது. அல்ஹம்துலில்லாஹ். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்.

ஜூலை 19
மதியம் கடையில் வயிறு ஏமாற்றிவிட்டது. பை இருந்ததால் தப்பித்தேன். "பழகணும்னாங்கல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்கிறாள். அவளுக்கென்ன.

ஜூலை 31
இந்த வாரம் முழுக்கச் சத்தமில்லை. பெரிய பை இல்லாமல் வயிற்று வாசலுக்குச் சின்ன மூடி மட்டும். இடுப்பில் கைலி பழையபடி உட்காருகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
காலையில் கழுவிவிட்டுப் போனேன். தூண் ஓரம் காலியாக இருந்தது. சித்தீக் நகர்ந்து, "வாங்க காக்கா" என்றான், அண்ணனை நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

குத்பா. கப்சிப். திடீரென்று ஒரு வயிறு நீளமாகக் கத்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. கை தானாக வயிற்றுக்குப் போனது. என்னுடையது அமைதியாக இருந்தது. ஓரக்கண்ணில் சித்தீக் தன் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிவது தெரிந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.